பாக்கெட் பிரித்த சட்டை

பாலிடெக்னிக்கில் எனக்கு புராஜெக்ட் சொல்லிக்கொடுத்த சாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. போன மாதம் கட்டப்பனை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்து பின்னால் போய், இறங்குகிற வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். அவர் என்ன செய்தார், நான் என்ன செய்தேன் என்று கணக்காகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லிப் பார்த்தால் என் பங்குதான் பெரிதாக வருகிறது. அதனால் அவர்மேல் இருக்கிற எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

கம்பம்மெட்டுக்குக் கேரளப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து லயத்தில், தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றுதான் எங்கள் வீடு. அம்மா காய் எடுக்கப் போவாள். அப்பா ஸ்டோரில் தீ போடுகிறவர். பறித்த பச்சைக் காயைத் தட்டுத் தட்டாக அடுக்கி உலர்த்தும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். வெளியே விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே ஓடும். புகை குழாயோடு போய்விடும், சூடு மட்டும் காய்க்குக் கிடைக்கும். அப்பா தெர்மாமீட்டரைப் பார்க்கவே மாட்டார். கதவில் புறங்கையை வைத்துச் சூடு சொல்வார். அங்கே வேலை பார்த்த பத்தொன்பது வருடமும் அப்படித்தான்.

ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் பாக்கெட் வைத்துக்கொள்வதில்லை. யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை, ஆனால் அப்படித்தான். அப்பாவுக்குப் புதுச் சட்டை வாங்கினால் அம்மா முதலில் பிளேடை எடுத்து பாக்கெட்டின் தையலைப் பிரித்துவிடுவாள். நெஞ்சில் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக நிற்கும். சாயந்திரம் காய் எடுத்துப் போகிறார்களா என்று ஸ்டோர் வாசலில் எல்லோரையும் சோதிப்பார்கள். அப்பாவிடம் சோதிக்க ஒன்றும் இருக்காது. இருந்தும் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் இறங்குவார். வீட்டிலும் ஒரு காய் இருக்காது. கடையில் காசு கொடுத்து வாங்கினாலும் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அம்மா வாங்கமாட்டாள். சுற்றி ஏலக்காடு, எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் பாயசத்தில் மட்டும் ஏலக்காய் கிடையாது.

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடுவோம். துணி காய்வதற்குள் புகை ஏறிவிடும். மலையிறங்கி டிப்ளமோ படிக்கப் போன முதல் மழைக்காலத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுல தீப்பிடிச்சுதா?" என்று மலையாளத்தில் கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்காக என்னை நானே அறையலாம்போல் இருந்தது.

மூன்றாம் வருடம் மாணவர்களுக்கு ஒரு வீட்டு உபகரண வடிவமைப்புப் போட்டி வந்தது. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு தகர அலமாரி. அடுப்புப் புகை போகிற குழாயை அதன் அடியில் வளைத்து ஓடவிட வேண்டும். கீழே காற்று உள்ளே வர ஓட்டை, மேலே ஈரம் வெளியே போக ஓட்டை. சோறு வேகிற சூட்டிலேயே துணி காயும், புகை துணியைத் தொடாது. அப்பாவின் ஸ்டோரை வீட்டு அளவுக்குச் சின்னதாக்கினேன், அவ்வளவுதான்.

சாரிடம் வரைபடத்தைக் காட்டியபோது அவர் பேனாவைக்கூட மூடவில்லை.

"எடோ, கரண்ட்ல ஓடாததை உபகரணம்னு யாராவது சொல்வாங்களா? இதுல ஒரு மொபைல் ஆப் சேத்துடு. விறகு தீர்ந்தா போன்ல மெசேஜ் வரணும்."

"எங்க லயத்துல போன் ரேஞ்சே கிடைக்காது சார். விறகு தீந்தா எங்கம்மா கண்ணுலயே பாத்துக்கிருவாங்க."

"பின்ன எதுக்கு இங்க வந்து படிக்கிற?" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். வேறு யாரும் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அலமாரிக்குள் துணியைப் பரப்பிவைக்கத் தட்டு வேண்டும். ஸ்டோருக்குப் பின்னால் பழைய தட்டுகள் குவிந்து கிடந்தன. மரச்சட்டம், நடுவில் கம்பிவலை. சட்டம் இற்றுப்போனதால் கழித்துப் போட்டவை. அப்பா நாலு தட்டு எடுத்து வந்து கொடுத்தார். யாரையும் கேட்கவில்லை. மழையில் மட்கிப் போகிறதுதானே, அதோடு லயமும் தோட்டத்துக்குள்தானே இருக்கிறது என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொண்டார். அப்பா கேட்காமல் எடுத்த முதல் பொருள் அது.

அலமாரி வேலை செய்தது. அம்மாவின் சேலை மத்தியானத்துக்குள் காய்ந்தது. அம்மா முகத்தில் வைத்துப் பார்த்தாள். "பொகையே இல்லடி" என்றாள். நானும் முகர்ந்தேன், அப்பாவும் முகர்ந்தார். ஒரு வாசமும் இல்லை. எங்களுக்கு அம்புட்டு சந்தோஷம்.

போட்டிக்கு அலமாரியை ஜீப்பில் கட்டி இறக்கினோம். அப்பாவும் வந்தார். கல்லூரி முற்றத்தில் அடுப்பு மூட்டி, அப்பாவின் சட்டை ஒன்றை நனைத்துப் பிழிந்து உள்ளே வைத்தேன். பாக்கெட் பிரித்த சட்டைதான். வேறு மாதிரிச் சட்டை அவரிடம் இல்லை. நடுவர்கள் மூன்று பேர். சட்டை காய்ந்ததும் அவர்களில் ஒரு அம்மா அதைக் கையில் வாங்கி முகர்ந்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"ஐயோ, ஏலக்காய் வாசம்!"

மற்ற இரண்டு பேரும் வாங்கி முகர்ந்தார்கள். ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் முகர்ந்தேன். ஒன்றுமே வரவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தட்டுகளின் மரத்தில் வருடக்கணக்காக ஊறிக்கிடந்த ஏலக்காய் எண்ணெய், சூடு பட்டதும் துணியில் இறங்கியிருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்த வாசத்திலேயே கிடப்பதால் எங்கள் மூன்று பேர் மூக்கும் அதற்குச் செத்துப்போயிருக்கிறது.

பழைய தட்டு மேடம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் நின்ற சார் முந்திக்கொண்டார். "அது இவளோட ஸ்பெஷல் ஐடியா மேடம். துணிக்கு வாசம் கொடுக்கிற அமைப்பு." என் முழங்கையை ஒரு அழுத்து அழுத்தினார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். மீதி நான் சொன்னது. தெர்மாமீட்டர் வைக்க விட்டிருந்த சின்ன இடத்தைக் காட்டி, "இதுல நாலு காய் போட்டா போதும் மேடம்" என்றேன். கொஞ்சம்கூட நாக்குத் தடுமாறவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர், காய்க்கு எங்கே போவது என்று கேட்டார். "எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் இருக்கும். எங்க வீட்டுல எப்பவும் இருக்கும்" என்றேன். புகை நாற்றம் அடிக்கிற பெண்ணைச் சுற்றி அத்தனை பேர் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். அந்த போதையில் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

முதல் பரிசு எனக்கு. அப்பா தூரத்தில் ஜீப் பக்கம் நின்றார். நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை.

மறுநாள் மலையாளப் பத்திரிகையில் என் போட்டோ வந்தது. அதற்கு அடுத்த நாள் காலை சூப்பர்வைசர் அந்தப் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு எங்கள் லயத்து வாசலுக்கே வந்தார். அந்த ஆளும் தமிழ்தான். இருபது வருடம் அப்பாவோடு ஒரே சர்ச்சில் முழங்கால் போட்டவர்.

"எந்த நாலு காய்?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. சூப்பர்வைசர் பேப்பரை விரித்து வாசித்து, தமிழில் சொன்னார். "எங்க வீட்டுல எப்பவும் இருக்கும்னு ஒம்மகளே சொல்லிருக்கா. ஒன் வீட்டுக்கு எப்பிடிய்யா காய் வந்துச்சு?" பக்கத்து வீடுகளின் கதவு ஒவ்வொன்றாகத் திறந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் பொய் சொன்னேன், காய் எதுவும் போடவில்லை, பழைய தட்டின் வாசம் அது என்று கத்தினேன்.

"தட்டா? எந்தத் தட்டு? யாரைக் கேட்டு எடுத்த?"

"நான்தேன் குடுத்தேன்" என்றார் அப்பா.

"அப்ப தட்டையும் தூக்கிட்டுப் போயிருக்க."

அன்றைக்கே அப்பாவை ஸ்டோருக்குள் விடவில்லை. மேனேஜர், விசாரித்துச் சொல்லுங்கள் என்று சூப்பர்வைசரிடமே விட்டுவிட்டார். வேலை போனால் லயத்து வீடும் போகும். அதைவிட, பத்தொன்பது வருடம் கையை விரித்துக் காட்டியவர் காய் திருடினார் என்று பெயர் வாங்கி மலையிறங்க வேண்டும். நான் சூப்பர்வைசரிடம் சவால் விட்டேன். உங்கள் கண்ணெதிரே துணி காயவைக்கிறேன், ஒரு காய்கூட இல்லாமல் அந்த வாசம் வருகிறதா இல்லையா என்று நீங்களே பாருங்கள் என்றேன். வந்தார். அலமாரியை மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்தார். அம்மா அடுப்பு மூட்டினாள். ஈரத் துண்டைப் போட்டேன். காய்ந்ததும் எடுத்து அவரிடம் நீட்டினேன்.

முகர்ந்தார். திருப்பி முகர்ந்தார். "ஒரு வாசமும் இல்ல" என்றார்.

அந்த ஆளும் இந்தத் தோட்டத்திலேயே மூக்கைத் தொலைத்தவர் என்பதை நான் யோசிக்கவே இல்லை. வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருவரும் வாங்கிப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் சூப்பர்வைசர் துண்டை அப்பாவிடம் கொடுத்தார். "நீ சொல்லு. ஒனக்கு வருதா?"

வருது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அப்பா நிதானமாக முகர்ந்துவிட்டு, "இல்ல சார், வரல" என்றார்.

அந்த நிமிஷம் அப்பாமேல் எனக்கு வந்த ஆத்திரம் வேறு யார்மேலும் வந்ததில்லை. மகள் வாய்கூசாமல் பொய் சொல்லிப் பரிசு வாங்கினாள்; இவர் தன்னைக் காப்பாற்றக்கூட ஒரு பொய் சொல்லமாட்டார்.

மேட்டுக்கு ஏறிப் போய் சாருக்கு போன் செய்தேன். நீங்கள் வெளியூர்க்காரர், உங்கள் மூக்குக்குத் தெரியும், வந்து மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அழுதேன். "வாசல்ல பேனர் கட்டியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா காலேஜ் மானம் என்னாகும்? நான் காய்னு சொல்லவே இல்லையே, நீதானே சொன்ன?" என்றார். உண்மைதான். அந்த உண்மையைச் சொன்னதற்காகவே அவரை வெறுக்கிறேன்.

கோப்பையையும் சான்றிதழையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போட்டி நடத்தியவர்களிடம் நானே போனேன். நடந்ததைச் சொன்னேன். அதே நடுவர் அம்மாதான் இருந்தார். கேட்டுவிட்டு, இந்த அலமாரியில் ஏலக்காய் எதுவும் வைக்கப்படவில்லை, வாசம் பழைய தட்டுகளிலிருந்து வந்தது, மாணவி நடுவர்களிடம் பொய் சொன்னதால் பரிசு ரத்தாகிறது என்று கடிதம் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். கல்லூரியில் பேனரை அவிழ்த்தார்கள். நன்றி கெட்டவள் என்று சார் வகுப்பில் சொன்னாராம். சொல்லட்டும்.

மேனேஜர் கடிதத்தை வாசித்துவிட்டு, சரி என்றார். அப்பாவுக்கு வேலை போகவில்லை. ஆனால் ஸ்டோரில் தீ போட அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டான். அப்பாவைக் காட்டுக்கு மருந்தடிக்க அனுப்பினார்கள். நாலு தட்டையும் சூப்பர்வைசர் ஆளைவிட்டு எடுத்துப்போய் அதே குவியலில் போட்டார். அங்கேயே மட்கிப்போயின.

நான் இப்போது கம்பத்தில் வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். முதல் சம்பளத்தில் அலமாரிக்குப் புதுக் கம்பிவலை போட்டுக் கொடுத்தேன். அம்மா மழைக்காலம் முழுக்க அதில்தான் துணி காயவைக்கிறாள். வெளியாட்கள் முகர்ந்தாலும் இப்போது ஒரு வாசமும் வராது.

போன கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கி வந்தேன். கவரைப் பிரித்ததும் அம்மா பழக்கதோஷத்தில் பிளேடைத் தேடினாள். கிடைத்ததும் பாக்கெட்டைப் பிடித்துத் தையலில் பிளேடை வைத்தாள்.

"வேணாம், விடு" என்றார் அப்பா. "இனி அது இருந்தா யாரு கேக்கப் போறா?"

அம்மா பிளேடை மடித்து வைத்தாள். அப்பா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தார். காணிக்கைக்கு வைத்திருந்த காசை வழி முழுக்கக் கையிலேயே பொத்திக்கொண்டு நடந்தார்.