கெஸ்ஸெக்கி விஜயராணி

ஜீன்ஸ் பாக்கெட்டைத் தைத்துக்கொண்டே விஜயராணி விலாவுக்குக் கீழே தட்டி, "ஜின் கெஸ்ஸெக்கி" என்பாள். சிறுநீரகத்தில் இருக்கும் கல். கை சற்று இறங்கும். "நியோக்கன் கெஸ்ஸெக்கி." வழியில் குழாயில் சிக்கிய கல். அடிவயிற்றுக்கு வந்தால் "போக்கோ கெஸ்ஸெக்கி", பையில் கிடப்பது. கடைசி வாசலில் நிற்கிற கல்லுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்த இடத்தை மட்டும் தட்டமாட்டாள், சிரித்துவிடுவாள்.

"எக்கா, எழவெடுத்த ஒரு கல்லுக்கு இந்த ஜப்பான்காரனுவ இத்தன பேரு வச்சிருக்கானுவளே!"

ஜப்பானில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக நோய்ப் பெயர்களெல்லாம் தெரிய வேண்டும். மாட்டுங்கா ஜப்பானிய மொழி வகுப்பில் நான் அவளுக்குப் பக்கத்து இருக்கை. நான் ஆபீசுக்காக அரைகுறையாகப் படிக்கிறேன். அவள் வெறியோடு படிக்கிறாள். நூல் அறுந்தால் தையல் மிஷினிடம் ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்கிறவள்.

போன மாதம் மெடிக்கல் எடுத்தார்கள். அவளுக்கே கல், இடது குழாயில். அது வெளியேறினால்தான் அனுப்புவோம் என்றது ஏஜென்சி. தண்ணீராகக் குடித்துத் தள்ளச் சொன்னார் டாக்டர்.

எங்கே குடிப்பது? அவள் தைக்கும் தாராவிப் பட்டறையில் அத்தனை பெண்களுக்கும் இருப்பது ஒரே கக்கூஸ். அதற்கும் பூட்டு. முதலாளி செல்லப்பாண்டிக்கும் சரக்கெடுக்க வரும் பார்ட்டிகளுக்கும் மட்டுமே அது திறக்கும். சாவி அவர் டிராயரில். பெண்கள் காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று முடித்துவிட்டு வந்தால், மாலைவரை நாக்கை நனைப்பதோடு சரி. கேட்டால் "பழகிப்போச்சு" என்கிறார்கள். பழக்கமாம் பழக்கம்! பூட்டுப் போட்டு வளர்த்த நோய்க்கு இப்படியும் ஒரு பெயர்.

நேற்று பாடத்தின் ஜெராக்ஸைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். இடுப்பைப் பிடித்தபடி முதலாளியின் மேசைமுன் நின்றிருந்தாள்.

"ஏட்டி, ஒனக்குத் தொறந்தா எல்லாவளும் வந்து நிப்பாளுவ. பெறவு பீஸ யாரு முடிக்கது? மத்தவளுவ அடக்கிக்கிட்டு இருக்கலியா?" என்றார் செல்லப்பாண்டி.

"அடக்கி அடக்கித்தான் அண்ணாச்சி கல்லு வந்திருக்கு."

அவர் மொபைலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மேசைமேல் அவருடைய தண்ணீர் பாட்டில் இருந்தது. விஜயராணி அதை எடுத்தாள். அண்ணாந்து, கடகடவென்று மொத்தத்தையும் குடித்தாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. காலி பாட்டிலை அவர் முன்னால் வைத்துவிட்டு, உள்ளங்கையை விரித்து, சாவி கிடக்கும் டிராயருக்கு நேரே நீட்டினாள். மடக்கவில்லை.