நூஹு ஹாஜியாரின் இரண்டு சிறுநீரகங்கள்

புத்தளம் தில்லையடியில் நூஹு ஹாஜியாரைப் பற்றி விசாரித்தால் இரண்டு விஷயம் சொல்வார்கள். கருவாட்டில் அவரை ஏமாற்ற முடியாது. தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடியவர். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள். ஊருக்கு இரண்டுமே பழைய செய்தி.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்திறங்கியவர்கள் நூஹுவும் தம்பி ஹஸனும். முகாமின் ஓலைக் கொட்டிலிலிருந்து புத்தளம் சந்தையில் கருவாட்டுக் கடை போடும்வரை சேர்ந்தே உழைத்தார்கள். ஹஸனின் சிறுநீரகங்கள் பழுதானபோது, ஒருவரும் கேட்குமுன்னரே நூஹு, "என்ட ஒண்டு இருக்குத்தானே" என்றார். இரத்தமும் பொருந்தியது. அடுத்த பரிசோதனை இருந்த கிழமையில், மன்னாரில் காணிப் பிரச்சினை என்று போனவர் ஃபோனை நிறுத்திவிட்டார். நோன்புக்குத்தான் திரும்பினார். அதன்பிறகு, ஹஸன் மௌத்தாகும்வரை, இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குத் தன் வான் வண்டியிலேயே அவரை ஏற்றிக்கொண்டு போய்வந்தார். ஒரு தவணை தவறவில்லை. சிறுநீரகத்தைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்த அண்ணன்.

போன வருடம் பித்தக்கல்லுக்கு ஸ்கேன் எடுத்தபோது, அவருடைய இடது சிறுநீரகத்தில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. மகள் ஹஃபீலா அவரைக் கொழும்பில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனாள்.

"ரெண்டரை சென்டிமீட்டர்தான் ஹாஜியார். ஒண்டு, வெட்டி அந்தத் துண்ட மட்டும் எடுக்கலாம். இல்லாட்டி ஸ்கேன்ல பார்த்துப் பார்த்து ஊசியக் குத்தி, சூட்டால கருக்கலாம். அடுத்த நாள் வீட்ட போகலாம்."

"எது டொக்டர் நல்லம்?"

"இந்த அளவுக் கட்டிக்குப் பெரிய வித்தியாசமில்ல. கருக்கினா அதே இடத்தில திரும்பி வாறதுக்குக் கொஞ்சம் கூட வாய்ப்பிருக்கு. வந்தா திரும்பவும் கருக்கலாம். விடாம ஸ்கேன் பார்க்கணும். வெட்டுறதில அந்தப் பயம் கொறைவு. ஆனா உங்களுக்கு சீனி வருத்தம் இருக்கு, இருதயத்தில ஸ்டென்ட் இருக்கு. மயக்கம், இரத்தப்போக்கு, ஆற எடுக்கிற காலம் எல்லாத்தையும் பார்த்தா நான் ஊசியத்தான் சொல்லுவன்."

"வெட்டுங்க. முழுசா எடுத்தாலும் எனக்குப் பரவாயில்ல."

டொக்டர் ஹஃபீலாவைப் பார்த்தார். வீடு வந்ததும் கேட்டாள்.

"வாப்பா, ஊசிக்குப் பயந்தவன் கத்தியக் கேட்ட கதை எங்கயாவது இரிக்கா?"

பயம் காரணமல்ல. கத்திக்குப் போகிறவன் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பது வழக்கம். ஊசிக்குப் போய் மறுநாள் திரும்புகிறவன் கேட்டால் சிரிப்பார்கள். ஹஜ்ஜுக்குப் போகுமுன் நூஹு ஊர் முழுக்கக் கேட்டிருந்தார். அப்போது கேட்கிற அளவுக்கு ஒரு குற்றமும் அவரிடம் இருக்கவில்லை. குற்றம் சேர்ந்தபோது ஹஜ் முடிந்திருந்தது. ஹஸனின் மனைவி றுக்கியாவின் முன்னால் போய் நிற்க அவருக்கு ஒரு பெரிய ஒப்பரேஷன் தேவைப்பட்டது. சாகக்கூடிய அளவுக்குப் பெரியதாக இருந்தால் நல்லது.

அஸர் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டார். சந்தைக்காரர், பள்ளி நிர்வாகி, வள்ளங்கள் வைத்திருந்த பழைய சம்மாட்டி என்று எல்லோரும் அவர் செய்யாத பிழைகளைத் தாராளமாகப் பொறுத்தார்கள். "பொருந்திட்டன் ஹாஜியார், பொருந்திட்டன். வெட்டுறதுதான் சரி, வேரோட போயிரும்" என்று வைத்தியமும் சொன்னார்கள். கடைசியாக றுக்கியா வீடு.

அவள் பிள்ளைகளின் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கணவனின் அண்ணனை அவளும் நானா என்றே கூப்பிடுவாள். கதிரையைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"ஒப்பரேஷனுக்குப் போறன் றுக்கியா. என்ன நடக்குமோ தெரியா. என்னால ஏதும்—"

"ஊசியால முடிக்கலாமாம் எண்டு ஹஃபீலா சொன்னாளே, நானா."

"ஓம். நாந்தான் வெட்டச் சொன்னன். முழுசாப் போனாலும் போகட்டும்."

அவள் மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள்.

"அவருக்குக் குடுக்க மனசு வராதத இப்ப குப்பைல போடப் போறீங்களா?"

நூஹு கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"இரிங்க நானா, விழுந்திராதீங்க. மாப்பெல்லாம் இப்ப என்ட வாயில வராது. வராதத சொன்னா அதுவும் பொய். நீங்களும் மௌத்தாப் போனா நான் யாரோட கோவிக்கிற? அந்த ஊசியப் போட்டுட்டு வாங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விலையை அவர் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார். ஊசி ஏறியது, கட்டி கருகியது, மறுநாள் பின்னேரம் வீட்டில் பாணும் பருப்பும் சாப்பிட்டார். மாப்புக் கொடுத்த சந்தைக்காரர்கள், கொடுத்ததைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று பகிடி பண்ணினார்கள்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேனைப் பார்த்த டொக்டருக்கு நல்ல சந்தோஷம்.

"கட்டி இருந்த எடத்தில ஒண்டுமில்ல ஹாஜியார். ரெண்டு கிட்னியும் அருமையா வேல செய்யுது."

நூஹு ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். ஹஃபீலாதான் நன்றி சொன்னாள்.