மூன்று மில்லிமீட்டர் எழுத்து

கட்டட வரைபட அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். ஒல்லியான உடம்பு, வளைந்து பேசத் தெரியாத வாய். இரண்டும் சேர்ந்து வாங்கித் தந்த பட்டம். இருபத்திரண்டு வருடம் கணினி முன் குனிந்து ஊரார் வீட்டுச் சுவர்களுக்கு அளவு போட்டதில், கழுத்து தேய்ந்ததுதான் அவர் கண்ட சொத்து.

அன்று அவருக்கு இருந்த லட்சியம் ஒன்றே ஒன்று: வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்வது. மறுநாள் விடியற்காலையில் மகள் கல்லூரி விடுதிக்குக் கிளம்புகிறாள். "இன்னிக்காவது பொண்ணு முழிச்சிருக்கும்போது வந்து சேருங்க" என்று மனைவி சொல்லியிருந்தாள்.

விதிக்கு இதெல்லாம் பொறுக்குமா? மூன்று மணிக்கு முதலாளி பள்ளிக்கூட வரைபடத்தோடு வந்து நின்றார்.

"என்னய்யா இது, எறும்பு ஊர்ற மாதிரி? எழுத்தே தெரியலையே!"

சிக்கல் பழையது. நூறில் ஒரு பங்காக அச்சிடும் படத்துக்குப் பொருந்துகிற எழுத்து, அதிலுள்ள படிக்கட்டை மட்டும் ஐம்பதில் ஒரு பங்காகப் பெரிதாக்கினால் பூசணிக்காயாகிவிடும். அதனால் விகிதத்துக்கு ஒன்றாக எழுதி எழுதி, கோப்பு முழுக்கக் குப்பை. ஸ்கேல் துணிந்து எல்லா எழுத்தையும் அளவுக்கோட்டையும் 'அனோடேட்டிவ்' ஆக்கினார். தாளில் மூன்று மில்லிமீட்டர் உயரம் என்று ஒரு தடவை சொல்லி, வேண்டிய விகிதங்களைச் சேர்த்துவிட்டால் போதும். எழுத்து தானே கூடிக் குறைந்து எல்லாப் படத்திலும் மூன்று மில்லிமீட்டராகவே அச்சாகும். இடம் பார்த்து உயரத்தை மாற்றிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம், கணினிக்கு வருவதற்கு முன்பே அலுவலகத்தில் பலருக்கு இருந்தது. ஸ்கேலுக்குத்தான் வரவில்லை.

முதலாளி புதிய தாளைக் கை நீளும் மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"இன்னும் சின்னதாத்தான் இருக்கு."

நாலு மில்லிமீட்டர் ஆனது. ஐந்து ஆனது. 'கழிப்பறை' என்ற சொல் சுவரைத் தாண்டித் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்துவிட்டது.

"சாருக்குப் பெரிய எழுத்து வேணாம்ணே, கண்ணாடிதான் வேணும்" என்று கிசுகிசுத்தாள், அடுத்த மேசையில் தட்டச்சு செய்பவள்.

"நீயே சொல்லேம்மா."

"எனக்கு இன்னும் வேலை வேணும்ணே."

தன் பார்வை கழுகுப் பார்வை என்று முதலாளி வாரம் ஒருமுறை அறிவிப்பது வழக்கம். கழுகிடம் யார் போய்ச் சொல்வது?

ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஸ்கேல் மறுபடி மூன்று மில்லிமீட்டரிலேயே அச்செடுத்தார். அதை முதலாளியின் மேசையில் விரித்து, காற்றில் பறக்காமலிருக்க ஸ்கேல் தன் கண்ணாடியைக் கழற்றிப் பாரமாக வைத்தார். முதலாளி அந்தக் கண்ணாடியை எடுத்தார், புரட்டிப் பார்த்தார், விளையாட்டுக்குப் போடுவதுபோல் போட்டுக்கொண்டார்.

"இப்பதான் சரியா இருக்கு. இதை மூணு மணிக்கே செஞ்சா என்ன?"

"தப்புதான் சார்."

முதலாளி இரண்டாவது தாளுக்குப் போனார். மொத்தம் நாற்பது தாள். கண்ணாடியைக் கேட்டால் வேலை போகும். காத்திருந்தால் வெளிச்சம் போகும். ஸ்கேல் பையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டு வாசலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. மகள் பெட்டியை மூடிவிட்டு ஒரு தாளை நீட்டினாள்.

"நான் இல்லாதப்ப நீங்க என்னென்ன செய்யணும்னு எழுதியிருக்கேன். படிங்கப்பா."

அவர் தாளைக் கை நீளும் மட்டும் நீட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கும்மா."

"கண்ணாடி எங்கே?"

"ஆபீஸ்ல. ஓவர்டைம் பாக்குது."

அவள் தாளை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதல்ல, ஆறு மணிக்கு மேல ஆபீஸ்ல இருக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டினார். கழுத்து வலித்தது.