பல்லால் கிழித்த நார்

கருவேல முள் காலில் குத்திய ஐந்தாம் நாள், கஞ்சி குடிக்கப் போனால் என் வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது.

"ரண ஜன்னிடீ, முள்ளுக் காயத்துல வர்றது. எங்க சின்னய்யாவுக்கும் இப்படித்தான் வாய் பூட்டுச்சு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவர் பிழைக்கவில்லை என்பது சிக்கல் ஊருக்கே தெரியும்.

கணவர் வண்டி கட்டினார். இராமநாதபுரம் போகும்வரை ஜன்னி ஒட்டிக்கொள்ளுமோ என்று என் பால்குடிப் பிள்ளையைத் தொடவே பயந்தேன்.

டாக்டர் காதுக்கு முன்னால் அமுக்கியதும் துடித்துப்போனேன். ஒரு மாதமாக அங்கே வலித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"பல்லால எதையும் இழுப்பியாம்மா?"

"பெட்டி முடைய பனநாரைப் பல்லாலதான் கிழிப்பா, அய்யா" என்றார் கணவர்.

"அதான். தாடை மூட்டு வீங்கியிருக்கு. ஜன்னி இல்ல."

முள்ளுக்கு ஊசி போட்டு, தாடைக்கு ஒத்தடம் சொன்னார். பத்து நாளில் வாய் திறந்தது.

இப்போது நார் கிழிக்க அரிவாள்தான். ஆனாலும் முள் குத்தினால், அதைப் பிடுங்குமுன் வாயைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.