வெர்லி வீட்டுக்கு ஒரு மெஸ் பீன்ஸ்

கல்யாணமாகிக் கென்டக்கி மலைக்கு வந்த முதல் வாரமே டெஸ்ஸி வெர்லி என்ற பெயரைக் கேட்டுவிட்டாள். புருஷன் ஹோபர்ட்டின் அத்தை ஸெல்லா பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டே சொன்னாள்: "என்ன பொண்ணே, தடவித் தடவி உரிக்கிறே? வெர்லியா இருந்தா இந்நேரம் அடுப்புல ஏறியிருக்கும். நம்ம ஹோபர்ட் அவளத்தான் கட்டுவான்னு இருந்தோம்."

வெர்லியோ சுரங்கக்காரன் ஒருவனைக் கட்டினாள். சுரங்கக் கூரை சரிந்து அவன் செத்துப்போனான், பிள்ளையும் இல்லை. மேட்டு வீட்டில் அவள் தனி. அதிலிருந்து பீன்ஸ் காலத்தில் சனிக்கிழமை தவறாமல் ஹோபர்ட் அவளுக்கு ஒரு மெஸ் கொண்டுபோய் வைத்தான்.

மெஸ் என்றால் அங்கே எடையுமில்லை, படியுமில்லை. அந்த வீட்டு வாய்கள் ஒரு வேளை வயிறாரத் தின்ன எவ்வளவு வேண்டுமோ அதுதான் மெஸ். பத்துப் பேருக்குக் கூடை நிறைய, தனிக்கட்டைக்குத் தொப்பி நிறைய. எந்த வீட்டில் எத்தனை தட்டு என்று ஊருக்கே தெரியும். கை தானாக அளந்துவிடும்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் ஒரு நாள் டெஸ்ஸி வெர்லிக்குப் போகும் பையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பேர் அளவு.

"ஏங்க, அவ ஒருத்தி. இன்னொரு தட்டு யாருக்கு?"

"கைக்கு வந்ததப் பறிச்சேன்."

"கைக்கு மட்டும் எப்படி வந்துச்சாம்? குடுங்க, இன்னிக்கு நான் போறேன்."

வயிறெரிய மேடேறினாள். வெர்லி வீட்டில் ஒரே தட்டுதான் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஆனால் அடுப்புக்குப் பின்சுவர் முழுக்க நூலில் கோத்துக் காய்ந்த பீன்ஸ், சரம் சரமாக.

"பாதிதாம்மா என்னால திங்க முடியும். மீதியக் கோத்துடறேன்" என்றாள் வெர்லி. "வாசப்படியில வச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடுவாரு. ஒத்த ஆளுக்கு அளக்க உம் புருஷனுக்கு இன்னும் வரல."

சண்டைக்கென்றே வந்தவளுக்குச் சண்டை போட ஆளில்லை. உள்ளே கால் வைக்காத மனுஷனின் கை, இத்தனை நாளும் அவனுக்கும் சேர்த்தே அளந்திருக்கிறது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

"இன்னொரு தட்டு எடுங்கக்கா."

"எதுக்கு?"

"அவரு பங்க நானே தின்னுட்டுப் போறேன்."

வெர்லி சிரித்துவிட்டாள். டெஸ்ஸி சிரிக்கவில்லை. பன்றிக்கொழுப்பு போட்டு வெர்லி வேகவைத்த அந்த பீன்ஸின் ருசி வேறு எரிச்சலைக் கூட்டியது. அதன்பின் சனிக்கிழமைதோறும் அவளே பையை எடுத்துப் போனாள். ஒரு காய் மீதி வைக்காமல் தின்றாள். சுவரில் புதிதாக ஒரு சரம் ஏறவில்லை.

வருஷங்கள் போய், வெர்லி இப்போது ஒஹாயோவில் தங்கை வீட்டில் இருக்கிறாள்; சனிக்கிழமை பை எடுத்து மேடேற டெஸ்ஸிக்கு வேலையில்லை.