உப்பு எவ்வளவு என்று கேட்டவள்

வீட்டில் கடல் தொட்டி வைக்க வேண்டும் என்று யாராவது கடைக்கு வந்து கேட்டால், முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோவில்பட்டியில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைப்பவனிடம் பவளம் வளர்ப்பது எப்படி என்று கேட்க ஆள் வருவதே ஒரு வேடிக்கை. ஆனாலும் வருகிறார்கள். தூத்துக்குடியில் வண்ணமீன் விற்கும் கடைக்காரர் ஒருவர், "கோவில்பட்டில ஒரு அண்ணாச்சி ரொம்ப நாளா வச்சிருக்காரு, அவர்ட்ட கேளுங்க" என்று கைகாட்டி விடுகிறார். அந்தத் தொட்டி இப்போது எந்தக் கதியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வருகிறவர்கள் போனை நீட்டி, நீல வெளிச்சத்தில் பவளங்கள் அசைவதைக் காட்டுவார்கள். "அடுத்த வாரம் வீட்டுல ஒரு விசேஷம் அண்ணாச்சி. அதுக்குள்ள ரெடி பண்ணிரலாமா?" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அடுத்த வாரத்துக்குள் வேண்டும் என்றால் படம் வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள் என்பேன். உப்புத் தண்ணீரும் கல்லும் போட்ட தொட்டியை ஆறு வாரமாவது மீன் இல்லாமல் ஓட விட வேண்டும். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் கல்லில் குடியேறுவதற்கு அவ்வளவு நாள் ஆகும். அதற்கு முன்னால் மீனை விட்டால் அது தன் கழிவாலேயே சாகும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் நிற்கிற ஆளுக்கு டீ சொல்லி உட்கார வைப்பேன்.

எங்கள் வீட்டில் தொட்டியை வைத்தது என் மகள். எனக்கு ஒரே பிள்ளை. தூத்துக்குடியில் கடல் சம்பந்தமான படிப்பு படித்தாள். படிப்பு முடிந்து வந்ததும் முன்னறையில் டிவி இருந்த இடத்தைக் காலி செய்து நாலடி நீளத்தில் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். முதல் வேலையாக அடுப்பங்கரையிலிருந்து ஒரு பச்சை இறாலை எடுத்து வந்து தண்ணீருக்குள் போட்டாள். அது அழுகினால்தான் நுண்ணுயிர் பெருகுமாம். "குழம்புக்கு வாங்குனத அழுக விடுதா பாருங்க. இதுக்குத்தான் படிக்க வச்சீங்களா?" என்று என் மனைவி என்னிடம் முறையிட்டாள்.

அடுத்து உப்பு. அள்ளினால் உப்பு என்று இருக்கும் தூத்துக்குடியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு, பாக்கெட்டில் அடைத்த வெளிநாட்டு உப்பைத் தபாலில் வரவழைத்தாள். தெருவே சிரித்தது. நம் உப்பு சோற்றுக்கு நல்லது, பவளம் வளர்வதற்கு வேண்டிய மற்றதெல்லாம் அதில் இருக்காது என்றாள். இதைத்தான் இன்றைக்கு நான் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கடலுக்குப் போய் ஒரு கல்லை உடைத்து எடுத்து வந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். கடலில் பவளக் கல்லை எடுத்தால் ஜெயிலுக்குப் போவீர்கள் என்றேன். அவள் வாங்கியதெல்லாம் ஆட்கள் வளர்த்து விற்கும் மென்பவளத் துண்டுகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. கண்ணாடியில் படிகிற பாசியைத் தின்ன நத்தைகளையும், கூடவே ஓர் இறாலையும் இரண்டு மீன்களையும் பிறகு வாங்கி விட்டாள்.

கரண்டு போனால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று குறையும். அதற்கு நான் இன்வெர்ட்டர் பூட்டிக் கொடுத்தேன். கோடையில் தண்ணீர் சூடேறாமல் இருக்க மேலே சின்ன ஃபேன் வைத்தேன். அந்த வேலைகளை நான் சந்தோஷமாகச் செய்தேன். அவள் பக்கத்தில் நின்று ஸ்குரூ எடுத்துக் கொடுப்பாள். அப்படி ஒரு நாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பா, நீங்க நாள் பூரா செம்புக் கம்பியில கிடக்கீங்க. பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம்ப்பா. முட்டங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் தொட்டிய தொடணும்." அன்று முதல் கழுவினேன். மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவுவேன். ஏன் என்று என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எனக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தன் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் அவளுக்கு விளாத்திகுளத்தில் மாப்பிள்ளை பார்த்தோம். பேசி முடித்தாயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பிடித்து, கடம்பூரில் போளிக்கும் சொல்லி வைத்தாயிற்று. பத்து நாள் இருக்கும்போது, அந்தமானில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். செத்துப்போன பவளத் திட்டுகளில் புதுப் பவளம் நடுகிற வேலை. கல்யாணம் இப்போது வேண்டாம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

காலை ரயிலுக்குப் பெட்டியோடு நின்றவளிடம், "போனா போனதுதான். இனி எங்கிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது" என்றேன். அவள் அழவில்லை. தொட்டியைப் பார்த்தாள். "தண்ணி குறையும்ப்பா. கேன்ல பிடிச்சு வச்சிருக்க ஆர்.ஓ. தண்ணிய மட்டும் ஊத்துங்க. உப்புத் தண்ணி ஊத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், உப்பு உள்ளேயே நிற்கும். உப்புத் தண்ணீரையே மறுபடி ஊற்றினால் நாளாக ஆக உப்பு ஏறிக்கொண்டே போகும். தொட்டி வைக்கிறவர்கள் முதல் மாதத்தில் செய்யும் தப்பு அது. எங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் குறையும்.

மாப்பிள்ளை வீட்டில் போய்த் தலைகுனிந்து நின்றது நான். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பது போல் வந்து போனார்கள். அந்தத் தொட்டியைத் தூக்கித் தெருவில் போடுங்கள் என்றார் என் மச்சான். உயிருள்ளதை எப்படிக் கொல்வது என்று அவருக்குப் பதில் சொன்னேன். அது பொய். தொட்டி போய்விட்டால் அவளும் போய்விடுவாள் என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அம்மாவுக்குப் போன் செய்வாள். மனைவி ஸ்பீக்கரில் போடுவாள். நான் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"உப்பு எவ்வளவு இருக்குன்னு அப்பாட்ட கேளும்மா."

"உப்பு எவ்வளவுன்னு கேக்கா."

உப்பு பார்க்கிற கருவியில் ஒரு சொட்டு விட்டு, கண்ணில் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். கடலில் இருப்பது போல் முப்பத்தைந்து காட்ட வேண்டும். "முப்பத்தஞ்சுன்னு சொல்லு."

"முப்பத்தஞ்சாம்."

"நத்தை கண்ணாடியில ஏறுதான்னு கேளு."

"ஏறுதுன்னு சொல்லு."

மூன்று பேருக்கும் எல்லாமே கேட்கும். ஆனாலும் என் மனைவி நடுவில் நின்று இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்லுவாள். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிப் பேசினோம். அதைப் பேச்சு என்று நான் ஒப்புக்கொண்டதில்லை. வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிடும். அவள் எதுவும் கேட்காமல் இருந்துவிடக் கூடாது என்று, சொல்வதற்கு நாலு விஷயம் சேர்த்து வைத்திருப்பேன். நகம் அளவு இருந்த பவளம் உள்ளங்கை அளவு விரிந்தது. வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு இறால் ஒன்று, நான் கையை உள்ளே விட்டால் விரலில் ஏறி நகக் கண்ணைச் சுத்தம் செய்யும். அதைச் சொன்னபோது அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்து ஒரு மாதம் ஓட்டினேன்.

போன வருடம் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் மழைத் தண்ணீர் புகுந்து மோட்டார்கள் எல்லாம் நனைந்துவிட்டன. அங்கேயே தங்கிப் பத்து நாள் வேலை. போகும்போது மனைவியிடம், கோடு போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் கேன் தண்ணீரை ஊற்று, உப்புத் தண்ணீர் ஊற்றாதே என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. நத்தைகள் மல்லாந்து கிடந்தன. இறால் கல்லுக்கு அடியில் வெளுத்துக் கிடந்தது. பவளங்கள் எல்லாம் சுருங்கி, சில கொழகொழவென்று கரைந்து போயிருந்தன. ஆரஞ்சுப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் மட்டும் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தன. உப்பு பார்த்தேன், சரியாக இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் விளங்காமல் திரும்பியபோதுதான் தொட்டிக்குப் பக்கத்தில் செப்புக் குடத்தைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது.

எங்கள் ஊரில் குடிதண்ணீர் வருகிற நாள்தான் நல்ல நாள். அந்தத் தண்ணீரைச் செப்புக் குடத்தில் ஊற்றி மூடி வைத்து மறுநாள் குடிப்பது உடம்புக்கு நல்லது என்று எங்கள் வீட்டில் இன்றும் வழக்கம். வீட்டுக்கு வந்தவர்களுக்கும் அதில்தான் மோந்து கொடுப்போம்.

"பிளாஸ்டிக் கேன்ல வெயில்ல கிடந்த தண்ணிய எப்படி அப்படியே ஊத்த?" என்றாள் என் மனைவி. "தினமும் குடத்தப் புளி போட்டு விளக்கி, கேன் தண்ணிய அதுல ஊத்தி வச்சு, மறுநா காலைல தொட்டியில ஊத்துனேன். நம்ம பிள்ள வளத்ததுல்லா."

என்னவெல்லாம் கத்தினேன் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கொன்றுவிட்டாயே என்றேன். அறிவிருக்கிறதா என்றேன். அவள் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் கத்தி ஓய்ந்த பிறகு, "எதுக்கு அப்படிக் கை கழுவுதீங்கன்னு என்னைக்காவது எங்கிட்ட சொல்லிருக்கீங்களா?" என்று கேட்டாள். சொல்லியிருக்கவில்லை. முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவளிடம் எதைச் செய் என்று சொல்லியிருக்கிறேன், எதற்கு என்று சொன்னதே கிடையாது. மகளிடமும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. போன் அடித்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"உப்பு எவ்வளவு இருக்குன்னு அப்பாட்ட கேளும்மா."

கல்லையும் இரண்டு மீனையும் பார்த்துக்கொண்டே, "முப்பத்தஞ்சுன்னு சொல்லு" என்றேன். அது பொய்கூட இல்லை.

"இறால் எப்படி இருக்குன்னு கேளு."

"கல்லுக்குள்ள போயி இருக்குட்டி" என்றாள் என் மனைவி. நான் சொல்லிக் கொடுக்காமல் அவளாகச் சொன்னது. தொட்டி செத்தது தெரிந்தால் அவள் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது, எனக்கு அந்த ஸ்டூலில் உட்காரவும் வேலை இருக்காது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த வாரமும் பொய் சொன்னோம். அதற்கு அடுத்த வாரம் போட்டோ அனுப்பச் சொன்னாள். மனைவி தன் போனில் தேடி, எல்லாம் விரிந்து நிற்கிற பழைய படம் ஒன்றை எடுத்து அனுப்பினாள். இப்படியே நாலு மாதம் போனது. இல்லாத பவளத்துக்கு இரை போட்டதையும், இல்லாத நத்தை முட்டையிட்டதையும் சொன்னேன். நத்தை முட்டையைப் பற்றி அவள் துருவித் துருவிக் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியால் முடியவில்லை. "எல்லாம் போயிட்டுட்டி. நான்தான் செப்புக் குடத்துத் தண்ணிய ஊத்திக் கொன்னுட்டேன்" என்று அழுதுவிட்டாள்.

"எனக்குத் தெரியும்மா. நீ அனுப்புன போட்டோ நான் எடுத்தது. ஊர விட்டு வாரதுக்கு மொத நா எடுத்து உனக்கு அனுப்புனேன்" என்றாள் மகள்.

"தெரிஞ்சும் எதுக்குட்டி வாராவாரம் கேட்ட?"

"நான் கேக்காட்டி அப்பா எந்திரிச்சுப் போயிருவாங்கள்லா."

ஸ்பீக்கரில் அதைக் கேட்டேன். அவள் குரல் உடைந்து, "அப்பா, இருக்கீங்களா?" என்றது. அம்மாவை நடுவில் விடாமல் என்னை நேராகக் கேட்டாள். இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கடைக்குப் போய்விட்டேன்.

ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், போன் வருகிற நேரத்துக்கு முன்னாலேயே கடைக்கு வந்துவிடுகிறேன். அன்றைக்கு மோட்டார் எதுவும் வராது. மதியம் வீட்டுக்குப் போனால் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "உங்களக் கேட்டா" என்பாள். எந்த வாரமும் சொல்லாமல் விட்டதில்லை. நான் தலையைக் குனிந்து சாப்பிடுகிறேன்.