காப்புக் கட்டிய கையோடு வந்த அண்ணன்

எங்கள் அண்ணன் உடப்பு என்ற கடலோர ஊரில் ஒரு கரைவலைக் குடும்பத்துக்கு மூத்தவராகப் பிறந்தார். அப்பாவைக் கடல் கொண்டபின் படிப்பை விட்டு வலை இழுத்தார். தம்பி தங்கைகளான எங்களைக் கரைசேர்த்தவர், தான் மட்டும் மணம் முடிக்கவில்லை. வாய் கொஞ்சம் காரம், மனம் அப்படியில்லை. ஆண்டுதோறும் கோயில் திருவிழாவில் நேர்த்தி வைத்துத் தீ மிதிப்பார். அது என்னால்தான் நின்றது.

யுத்தம் முடிந்த பிறகு, ஒரு திருவிழாக் காலத்தில் என் மகன் பிறந்தான். மாதம் நிரம்பவில்லை, ஆனால் பார்வைக்கு முழுப்பிள்ளை. வீட்டுக்கு வந்தபின் அழவேயில்லை, பாலுக்கும் எழும்பவில்லை. "கரைச்சல் தராத பிள்ளை" என்று பார்க்க வந்தவர்கள் மெச்ச, நானும் பூரித்திருந்தேன்.

தீ மிதிக்க விரதமிருந்து அண்ணன் கையில் காப்புக் கட்டியிருந்தார். காப்போடு, பிள்ளை பிறந்த துடக்கு வீட்டுக்குள் வந்தால் தீட்டு என்பதால் வேலிக்கு வெளியே நின்றே சுகம் கேட்பார். அன்று காலையும் கேட்டார். பிள்ளை சரியாகக் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். விரதக்காரரைக் குழப்பக் கூடாதென்று, "சுகமா இருக்கிறான் அண்ணே" என்றேன்.

மாலையில் பிள்ளையின் உடம்பு சில்லிட்டது. மூச்சுக்கு நெஞ்சுக்குழி உள்ளே இழுபட்டது. கணவர் கடலில், எனக்கோ எழும்ப முடியாத காய்ச்சல். அண்ணனைக் கூவி அழைத்தேன். காப்போடு உள்ளே வந்தார். தொலைபேசியில், பேறு பார்க்கும் மருத்துவ மாது, "துணியால சுத்தினாக் காணாது, உடம்போட உடம்பா வையுங்க" என்றார். அண்ணன் சேர்ட்டைத் திறந்து பிள்ளையை நெஞ்சோடு வைத்து மூடி, முச்சக்கர வண்டியில் சிலாபம் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்.

பிள்ளைக்கு இரத்தத்தில் சீனி இறங்கியிருந்தது. குளுக்கோசு ஏற்றி, ஒட்சிசன் கொடுத்து மீட்டார்கள். "மாதம் நிரம்பாத பிள்ளை பசிச்சாலும் அழாது, நித்திரை எண்டு விடப்படாது" என்று தாதி சொன்னதை, அண்ணன் பிறகு ஊரில் எந்தக் கர்ப்பிணியைக் கண்டாலும் சொல்வார்.

காப்பில் தீட்டுப் பட்டுவிட்டதென்று, அதன்பின் அவர் தீக்குழியில் இறங்கவேயில்லை. ஆண்டுகள் கழித்து அவர் நெஞ்சுவலியில் படுத்தபோது, "காப்போட துடக்கு வீட்டுக்குள்ள போனவர்தானே" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதை நம்பவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். மனம் கேட்பதில்லை. கடைசி நாட்களில், நான் கூப்பிட்டதால்தானே என்று அவரிடமே அழுதேன்.

"கூப்பிட்டதுக்கு எனக்குக் கோவமில்ல," என்றார். "அண்டைக்குக் காலமை கேக்கேக்க பொய் சொன்னியே, அதுக்குத்தான் கோவம்."

அன்று வண்டி ஓட்டிய தம்பிக்கும், மருத்துவ மாதுக்கும், அண்ணனைக் கடைசிவரை பார்த்த வைத்தியர்களுக்கும், கூட நின்ற உறவுகளுக்கும் நன்றி. இதை வாசிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை முந்திப் பிறந்து, அழாமல் கிடந்தால், வேலிக்கு வெளியே நிற்பவரின் கையில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். கூப்பிடுங்கள்.

தங்கை